எஸ்ஸேனர் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எஸ்ஸேனர் என்பவர்கள் யார்?

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த காலம் வரை யூதேயாவில் இருந்த ஒரு யூதச் சமயக்குழு. பரிசேயர், சதுசேயர் என்ற இரண்டு யூதக் குழுக்களை வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றோடு மூன்றாவதாக ஜோசபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் இவர்களை வைக்கிறார். சொத்து எல்லாம் பொது. சாப்பாட்டுக்கு முன் குளிர்ந்த நீரில் முழுக்கு, அப்புறம் பேச்சடங்கி ஒரே பந்தியில் உணவு, உடுப்பது வெள்ளை. பெரும்பாலோர் கல்யாணம் செய்துகொள்வதில்லை. செய்துகொள்ளும் ஒரு பிரிவும் உண்டு என்று ஜோசபஸே சொல்கிறார். உடம்பில் எண்ணெய் பட்டால் தீட்டு என்று துடைத்துவிடுவார்களாம். எண்ணெய் தேய்க்காமல் குளியலே இல்லை என்றிருந்த கிரேக்க, ரோம வாசகர்கள் இதைப் படித்து வாயைப் பிளந்திருப்பார்கள்.

பெயர் எந்த வடிவத்தில் கிடைக்கிறது?

கிரேக்கத்திலும் லத்தீனிலும் மட்டும்தான். அவர்கள் பேசியதோ அராமேயம், எழுதியதும் ஓதியதும் பெரும்பாலும் எபிரேயம். அந்த இரு மொழிகளிலும் இந்தக் குழுவின் பெயர் இதுதான் என்று சொல்லும் ஒரு வரிகூடக் கையில் இல்லை. வெளியார் வாயில் திரிந்து வந்த வடிவத்தை வைத்துக்கொண்டு மூலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சச்சரவுக்கு எல்லாம் காரணம் இதுவே.

சாட்சிகள் மூவர். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர் பிலோ, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதியவர். அவர் எப்போதும் 'எஸ்ஸாயோய்' என்றுதான் எழுதுகிறார். ஜோசபஸ் (பிறப்பு கி.பி. 37) இரண்டு வடிவங்களைக் கலந்து போடுகிறார். 'யூதப் போர்' நூலில் குழுவின் பழக்கவழக்கங்களை விரிவாகச் சொல்லும்போது 'எஸ்ஸேனோய்'. யூதாஸ், சீமோன், யோவான் என்று தனி ஆட்களைக் குறிப்பிடும்போது 'எஸ்ஸாயோஸ்'. மூன்றாமவர் ரோமரான பிளினி. முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்தாரே, அதே பிளினிதான். அவர் லத்தீனில் 'எஸ்ஸேனி' என்கிறார். சாக்கடலின் மேற்குக் கரையில், பெண்கள் இல்லாமல், பணம் இல்லாமல், பேரீச்ச மரங்களே துணையாக வாழும் கூட்டம் என்றும், அங்கே யாரும் பிறப்பதில்லை, ஆனாலும் அந்த இனம் காலகாலமாகத் தொடர்கிறது என்றும் வியக்கிறார். வாழ்க்கையில் சலித்தவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்களாம்.

கிரேக்கச் சொல் என்றால் கிரேக்கத்திலேயே அர்த்தம் இருக்காதா?

'எஸ்ஸேன்' என்று ஒரு கிரேக்கச் சொல் உண்மையிலேயே உண்டு. தேனீக் கூட்டத்தின் அரசன் என்று பழைய அகராதிகள் பொருள் தரும். (ராணித் தேனீயைப் பழங்காலத்தவர் ஆண் என்றே நம்பினார்கள்.) எபேசு நகரத்து அர்த்தெமி தேவிக்கு, அதாவது தமிழ் வேதாகமம் 'தியானாள்' என்று சொல்லும் தேவிக்கு, திருவிழா விருந்து நடத்தும் ஊழியர்களுக்கும் 'எஸ்ஸேனர்' என்றே பெயர். அவர்கள் ஓராண்டு தூய்மை விரதம் காத்தார்கள், யார் வீட்டுக்குள்ளும் நுழையமாட்டார்கள் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ் எழுதுகிறார்.

தூய்மை விரதம், பந்தி விருந்து இரண்டும் ஒத்துப்போவதால் இங்கிருந்து யூதக் குழுவுக்குப் பாலம் போட்டவர்கள் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சிலை வழிபாட்டைக் கண்டாலே ஒதுங்கும் ஒரு கூட்டத்துக்கு அர்த்தெமி கோயில் ஊழியரின் பட்டம் எப்படி ஒட்டும்? அதிகபட்சம், கிரேக்க வாசகர் காதில் ஏற்கெனவே பழகிய ஓசை என்பதால் 'எஸ்ஸேனோய்' என்ற வடிவம் சுலபமாக நிலைத்திருக்கலாம்.

பிலோ ஏதோ விளக்கம் தந்தாராமே?

தந்தார். 'ஹொசியோத்தேஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புனிதம், இறைபக்தி என்று பொருள். அந்தச் சொல்லோடு இந்தப் பெயருக்கு உறவு என்கிறார். ஆனால் கிரேக்க மொழி முறைப்படி இது அவ்வளவு சரியான வடிவம் அல்ல என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல்தான் முக்கியம். பிலோவுக்கு எபிரேயம் சரளமாக வராது. 'இந்தப் பெயருக்குப் பக்திமான்கள் என்று அர்த்தம்' என்று யாரோ சொல்லக் கேட்டு, அதற்கு ஓசையில் நெருங்கிய கிரேக்கச் சொல்லைத் தேடிப் பிடித்தார் என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியானால் அவர் காட்டிய வேர் தவறு, பொருள் சரி.

அராமேயத்தில் 'பக்திமான்' என்றுதான் அர்த்தம் என்று பல இடங்களில் போட்டிருக்கிறதே?

அதிகம் பேர் ஏற்ற கருத்து அதுதான். அராமேயக் குடும்பத்தைச் சேர்ந்த சிரியாக்கில் 'ஹசே', 'ஹசியா' என்றால் பக்தியுள்ளவர், புனிதர். பிற்காலத்தில் பேராயர்களுக்கான மரியாதைப் பட்டமாகவும் அது வழங்கியது. பன்மையில் இரண்டு வடிவம் வரும்: 'ஹசேன்' என்று ஒன்று, 'ஹசய்யா' என்று ஒன்று. முதலாவதைக் கிரேக்கர் எழுதினால் 'எஸ்ஸேனோய்'. இரண்டாவதை எழுதினால் 'எஸ்ஸாயோய்'. ஒரே குழுவுக்குக் கிரேக்கத்தில் ஏன் இரண்டு பெயர் என்ற புதிருக்கு இதில் தானாக விடை கிடைத்துவிடுகிறது. 'பரிசேயர்' என்பதும் இதே வழியில் வந்ததுதான்: அராமேய 'பெரிஷய்யா' (பிரிந்து நிற்பவர்கள்) கிரேக்கத்தில் 'பரிசாயோய்' ஆயிற்று.

முன்னால் இருந்த 'ஹ' எங்கே போனது என்று கேட்பீர்கள். தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த எபிரேய, அராமேய ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. பல இடங்களில் அப்படியே விட்டுவிடுவார்கள். நம் தமிழ் வேதாகமப் பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். ஏவாள், அன்னாள், ஏனோக்கு, எசேக்கியா நான்கு பேருக்கும் எபிரேயத்தில் முதல் ஒலி அதே 'ஹ'தான்.

அப்படியானால் 'ஹசிதீம்' என்பவர்களும் இவர்களும் ஒன்றா?

இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'ஹசிதீம்' எபிரேயச் சொல், அதற்கும் பக்திமான்கள் என்றுதான் பொருள். கிரேக்க ஆட்சிக்கு எதிராக யூதர்கள் கி.மு. 167இல் தொடங்கிய மக்கபேயர் கிளர்ச்சியில் சேர்ந்த ஒரு கூட்டத்துக்கு அந்தப் பெயர். ஆனால் மக்கபேயர் நூலின் கிரேக்க வடிவத்தில் அவர்கள் 'அசிதாயோய்'. 'த' பத்திரமாக இருக்கிறது. எபிரேய வடிவத்திலிருந்து வந்திருந்தால் எஸ்ஸேனர் பெயரிலும் அந்த 'த' இருந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டும் பொருளில் ஒன்றாக இருக்கலாம். ஒரே அமைப்பு என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பலவீனமும் உண்டு. 'ஹசியா' சிரியாக்கில் தாராளமாகப் புழங்குகிறது. யூதேயாவில் அந்தக் காலத்து அராமேயத்தில் அதற்குச் சான்று மிகவும் சொற்பம். இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கருத்துகள் உள்ளே வருகின்றன.

மற்றக் கருத்துகளில் எது வலுவானது?

'செய்பவர்கள்' என்பது. எபிரேயத்தில் 'ஓசீம்' என்றால் செய்பவர்கள். 'ஓசே ஹத்தோரா' என்றால் தோராவை, அதாவது திருச்சட்டத்தை, செய்து காட்டுபவர்கள். இந்த யோசனை பழையது, 16ஆம் நூற்றாண்டிலேயே முன்வைக்கப்பட்டது. அப்போது கையில் சான்று எதுவும் இல்லை. பிறகு 1947 வாக்கில் சாக்கடல் கரையில் உள்ள கும்ரான் என்ற இடத்தின் குகையில், இன்று சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய கையெழுத்துச் சுருள்கள் கிடைத்தன. முதலில் கிடைத்த ஏழு சுருள்களில் ஒன்று ஆபகூக் தீர்க்கதரிசன நூலுக்கான விளக்கவுரை. 'நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான்' என்ற புகழ்பெற்ற வசனத்துக்கு அந்த உரை சொல்லும் பொருள்: இது யூதா வீட்டில் தோராவைச் செய்கிறவர்கள் எல்லாரையும் பற்றியது. 'ஓசே ஹத்தோரா', அதே சொற்கள். அந்த உரையில் ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் இடங்களில்.

4ஆம் நூற்றாண்டில் சைப்ரஸில் ஆயராக இருந்த எபிபானியுஸ், 'ஒஸ்ஸாயோய்' என்று ஒரு யூதக் குழுவைக் குறிப்பிடுகிறார். ஒகரத் தொடக்கம். 'ஓசீம்' கட்சிக்காரர்களுக்கு இது வெல்லக்கட்டி. ஆனால் எபிபானியுஸ் குழுக்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் ஆசையுள்ளவர். எஸ்ஸேனரை வேறொரு இடத்தில் சமாரியர்களின் பிரிவாக வேறு எழுதி வைத்திருக்கிறார். அவரை எவ்வளவு தூரம் நம்புவது என்பது அவரவர் துணிச்சல்.

வைத்தியர்கள் என்று ஒரு பொருளும் படித்தேனே?

அராமேயத்தில் 'ஆசியா' என்றால் வைத்தியர். சுருள்களை மொழிபெயர்த்துப் பரவலாக அறியவைத்த அறிஞர் கேசா வெர்மெஸ் 1960இல் இதை விரிவாக வாதிட்டார். எஸ்ஸேனர் பழைய நூல்களைத் தேடிப் படித்து, நோய் தீர்க்கும் வேர்களையும் கற்களின் குணங்களையும் ஆராய்வார்கள் என்று ஜோசபஸ் சொல்லும் வரி இதற்கு ஆதாரம். அழகான வாதம்தான். ஆனால் மூன்று பழைய சாட்சிகளில் ஒருவர்கூட வைத்தியத்தை இவர்களின் முதல் அடையாளமாகச் சொல்லவில்லை. ஜோசபஸிடம் அது ஒரு வரி. சாப்பாட்டைப் பற்றி அதைவிட நீளமாக எழுதியிருக்கிறார்.

வேறு ஊகங்கள்?

நிறைய. 'ஹஷாயீம்' (மௌனிகள், இரகசியம் காப்பவர்கள்), 'ஏத்சா' (ஆலோசனைக் குழு, சுருள்களில் அடிக்கடி வரும் சொல்), தாவீதின் தகப்பன் ஈசாயின் பெயர் என்று போகும். ஒன்று மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. பிரதான ஆசாரியர் அணியும் மார்ப்பதக்கத்துக்கு எபிரேயத்தில் 'ஹோஷேன்'. ஜோசபஸ் அதைக் கிரேக்க எழுத்தில் 'எஸ்ஸேனேஸ்' என்று எழுதி, 'அருள்வாக்கு' என்று பொருளும் சொல்கிறார். அவர் கதைகளில் வரும் எஸ்ஸேனர்களோ குறி சொல்வதில் கெட்டிக்காரர்கள். மெனாகேம் என்ற எஸ்ஸேனர், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுவன் ஏரோதை வழியில் பார்த்து, 'யூதர்களின் ராஜாவே' என்று வணங்கியதாகவும், பையன் கேலி என்று நினைத்தபோது பின்புறத்தில் ஒரு தட்டு தட்டி, 'நீ ராஜா ஆவாய், இந்த அடியை ஞாபகம் வைத்துக்கொள்' என்றதாகவும் ஒரு கதை. ஆனாலும் பெயரையும் பதக்கத்தையும் ஜோசபஸ் எங்கும் முடிச்சுப் போடவில்லை.

சரி, முடிவாக எதை எடுத்துக்கொள்வது?

என் சாய்வு அராமேய 'பக்திமான்கள்' பக்கம். இரட்டை வடிவத்தை அது ஒன்றுதான் சிரமமில்லாமல் விளக்குகிறது, பிலோவின் காதுக்கு எட்டிய பொருளோடும் பொருந்துகிறது. 'தோராவைச் செய்பவர்கள்' அடுத்த இடம். அதை விரும்புகிறவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஒரே பொருள்தான், தீர்ந்த விஷயம் என்று அடித்துச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

சாக்கடல் சுருள்களில் 'எஸ்ஸேனர்' என்ற சொல்லே இல்லையா?

இல்லை. பதினொரு குகைகளில் 900க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றிலும் இல்லை. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'யஹத்' (ஒன்றுபட்ட கூட்டம்), ஒளியின் மக்கள், சாதோக்கின் மக்கள், ஏழைகள் என்றெல்லாம்.

பின்னே எப்படி இருவரையும் ஒன்றாக்கினார்கள்? எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் எலியேசர் சுகெனிக் 1948இலேயே இந்தத் தொடர்பைச் சொன்னார். 1951 முதல் 1956 வரை கும்ரான் இடிபாடுகளைத் தோண்டிய ரோலான் தெ வோ அதை நிலைநிறுத்தினார். இடம் பிளினி சொன்ன சாக்கடல் மேற்குக் கரை. அதைவிட என்னைக் கவர்ந்தது எச்சில் விவகாரம். எஸ்ஸேனர் கூட்டத்தின் நடுவிலும் வலப்பக்கமும் துப்பமாட்டார்கள் என்கிறார் ஜோசபஸ். கும்ரானில் கிடைத்த சமூக ஒழுங்குச் சுருளில், சபை நடுவே துப்பினவனுக்கு 30 நாள் தண்டனை. தத்துவம் இரண்டு கூட்டத்துக்குத் தற்செயலாக ஒத்துப்போகலாம். இவ்வளவு சில்லறையான விதி ஒத்துப்போவது அபூர்வம். புதிதாகச் சேருகிறவரை உடனே பந்தியில் உட்காரவிடாமல் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் படிப்படியாக ஏற்பதும் இரண்டிலும் உண்டு.

இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கும்ரான் ஒரு கோட்டை, பண்ணை வீடு, மண்பாண்டத் தொழிற்சாலை என்றெல்லாம் மாற்று விளக்கங்கள் வந்திருக்கின்றன. பெரும்பான்மைக் கருத்து இன்னும் எஸ்ஸேனர் பக்கமே.

எல்லா எஸ்ஸேனரும் பாலைவனத் துறவிகளா?

பிளினியை மட்டும் படித்தால் அப்படித் தோன்றும். பிலோவும் ஜோசபஸும் 4000க்கு மேற்பட்டவர்கள் என்கிறார்கள். கும்ரான் இடிபாட்டில் அத்தனை பேர் தங்கவே முடியாது. அவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள், வெளியூரிலிருந்து வரும் எஸ்ஸேனரை உள்ளூர்க்காரர் சொந்தக்காரர்போல் உபசரித்தார்கள் என்று ஜோசபஸ் சொல்கிறார். எருசலேம் மதிலில் 'எஸ்ஸேனர் வாசல்' என்று ஒன்றும் இருந்தது. யோவான் என்ற எஸ்ஸேனர் கி.பி. 66இல் வெடித்த ரோம எதிர்ப்புப் போரில் தளபதி. அஸ்கலோன் சண்டையில் இறந்தார்.

'சமயக்குழு' என்பதற்கு ஜோசபஸ் எந்தக் கிரேக்கச் சொல்லைப் போடுகிறார்?

'ஹைரெசிஸ்'. தேர்ந்தெடுத்தல் என்பது அடிப்படைப் பொருள். அதிலிருந்து ஒருவர் தேர்ந்துகொண்ட தத்துவப் பள்ளி, சிந்தனை மரபு என்று ஆனது. ஜோசபஸ் காலத்தில் அதில் வசை இல்லை. தானும் 16 வயதில் மூன்று 'ஹைரெசிஸ்'களையும் பயின்று பார்த்ததாகவும், பிறகு பன்னூஸ் என்ற வனாந்தரத் துறவியிடம் மூன்று ஆண்டுகள் இருந்ததாகவும், 19 வயதில் ஊர் திரும்பியதாகவும் தன் வரலாற்றில் எழுதுகிறார். கூட்டிப் பார்த்தால் எஸ்ஸேனரிடம் இருக்க அவருக்கு நேரமே மிஞ்சவில்லை. அவர்கள் புதியவரைச் சோதிக்கவே மூன்று ஆண்டு ஆகும் என்று சொன்னவரும் அவரே!

பின்னாளில் கிறிஸ்தவத் திருச்சபை அதே சொல்லைத் தப்பறைக் கொள்கை என்ற கருத்தில் வழங்கியது. எஸ்ஸேனரை 'ஹைரெசிஸ்' என்று ஜோசபஸ் எழுதியதைப் படித்துவிட்டு, 'யூதர்கள் இவர்களை விரோதிகளாக ஒதுக்கினார்கள்' என்று எழுதுவோர் பிற்காலப் பொருளை முற்காலத்தில் திணிக்கிறார்கள்.

வேதாகமத்தில் எஸ்ஸேனர் ஏன் வருவதில்லை?

புதிய ஏற்பாட்டில் ஒரு தடவைகூட இல்லை. மிஷ்னா, தால்மூத் போன்ற ரபிமார் (யூதச் சமய ஆசிரியர்கள்) நூல்களிலும் இந்தப் பெயர் இல்லை. காரணம் இதுதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆலய வளாகத்திலும் தெருவிலும் வாதாட வந்தவர்கள் பரிசேயர், சதுசேயர். எஸ்ஸேனர் வாதத்துக்கு வராமல் ஒதுங்கி இருந்தார்கள் என்பது ஒரு விளக்கம். வேறு பெயரில் குறிப்பிடப்பட்டிருக்கலாம் என்பது இன்னொன்று.

இயேசுவோ யோவான் ஸ்நானகனோ எஸ்ஸேனரா?

யோவானுக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்: அதே வனாந்தரம், நீர்முழுக்கு, 'கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள்' என்ற அதே ஏசாயா வசனம். ஆனால் யோவான் வருவோர் போவோர் எல்லாரையும் அழைத்தார். கும்ரான் கூட்டம் கதவை இறுக்கிச் சாத்தியது. இயேசுவைப் பொறுத்தவரை ஓய்வுநாள் ஒன்றே போதும். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று அவர் கேட்கிறார். குழியில் விழுந்த கால்நடையை ஓய்வுநாளில் தூக்கக்கூடாது என்று சுருள்களோடு சேர்ந்த தமஸ்கு ஒழுங்கு நூல் வெளிப்படையாக விதிக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் எஸ்ஸேனர் பெயரில் சைவ உணவை உபதேசிக்கும் 'பழைய நற்செய்தி'கள் சில வந்தன. அவற்றுக்குப் பழைய கையெழுத்துப் படி எதுவும் கிடையாது.

தெரபியூட்டே என்ற குழு பௌத்தத் தேரவாதிகளா?

இரண்டு பெயர்களின் ஓசை ஒற்றுமையை வைத்து இணையத்தில் சுற்றும் செய்தி. பிலோ வேறொரு நூலில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே மரேயோட்டிஸ் ஏரிக்கரையில் தியானத்தில் வாழ்ந்த யூத ஆண், பெண் துறவிகளை இந்தப் பெயரால் குறிக்கிறார். எஸ்ஸேனர் உழைத்து வாழ்பவர்கள், இவர்கள் தியானத்தில் வாழ்பவர்கள் என்று வேறுபடுத்தியும் காட்டுகிறார். 'தெரபெவோ' என்றால் பணிவிடை செய், குணமாக்கு. சராப்பிஸ் முதலிய தெய்வங்களின் அடியார்களுக்கும் கிரேக்கக் கல்வெட்டுகளில் இதே பெயர் உண்டு. வீட்டுக்குள்ளேயே வேர் இருக்கும்போது பௌத்தர்களின் பாலி மொழிக்குப் போக வேண்டியதில்லை.

தமிழில் எப்படி எழுதுவது?

எசேனர், எஸ்ஸீனர், எஸ்ஸேனியர் எல்லாம் புழக்கத்தில் உண்டு. கிரேக்கத்தில் நடுவில் இருப்பது நெடில் ஏகாரம், முன்னால் இரட்டை 'ஸ'. அதனால் 'எஸ்ஸேனர்' நெருக்கமானது. 'எஸ்ஸீனர்' ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது.

மூலத்தைப் படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

ஜோசபஸின் 'யூதப் போர்' இரண்டாம் புத்தகம், பத்திகள் 119 முதல் 161 வரை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். புதிதாகச் சேருகிறவருக்குக் கொடுக்கும் மூன்று பொருள்களை அதில் பாருங்கள்: ஒரு சின்னக் கோடாலி, ஓர் இடைக்கச்சை, ஒரு வெள்ளை உடை. கோடாலி எதற்கு என்று சில பத்திகள் கழித்துத்தான் சொல்வார். வெளிக்குப் போகும்போது ஓரடி ஆழம் குழி தோண்டி, அப்புறம் மூடுவதற்கு.